பொருத்தம் பார்த்தாயிற்று, சீனி பார்த்தாயிற்றா?

கொழும்புத்துறையில் ஒரு பெண் கருவுற்றாள் என்றால் அது சுகாதாரப் பகுதியினருக்குத் தெரியவர அதிக நாள் ஆகாது. பகுதிக்குப் பொறுப்பான குடும்பநல உத்தியோகத்தர் படலையைத் திறந்துகொண்டு வருவார். பெயர் பதிவாகும், கர்ப்பவதி அட்டை கைக்கு வரும், மாதாந்தக் கிளினிக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் திரிபோஷா மாவும் தவறாமல் கிடைக்கும். ஊர் கடற்கரையோரம் என்றாலும் யாழ் மாநகர எல்லைக்குள்தான் இருக்கிறது. நோவு கண்டால் ஓட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடலாம். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் பரவி இன்று இந்த இடத்துக்கு வந்திருக்கிறது. இலங்கையில் பிரசவங்கள் ஏறத்தாழ எல்லாமே வைத்தியசாலையில் நடக்கின்றன. தாய் மரணம் ஒரு லட்சம் பிறப்புக்கு 30 என்ற அளவில் நிற்கிறது. அயல்நாடுகளோடு ஒப்பிட்டால் நாங்கள் பெருமைப்படத்தக்க கணக்கு இது.

ஆனால் இவ்வளவு ஏற்பாடும் பிள்ளை தங்கிவிட்டது என்ற செய்திக்குப் பிறகுதான் ஓடத் தொடங்குகிறது. கருவுறுவதற்கு முன்பே நீரிழிவு உள்ள பெண்ணுக்கு அது பிந்திய தொடக்கம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெண்ணுக்குக் கடைசி மாதவிலக்கு தைப்பொங்கலன்று, ஜனவரி 14இல் வந்தது என்று வையுங்கள். கரு உருவாவது ஜனவரி 28 அளவில். பெப்ரவரி 11இல் வரவேண்டியது வரவில்லை. நாலு நாள் பார்ப்போம், ஒரு கிழமை பார்ப்போம் என்று இருந்துவிட்டு மாதக் கடைசியில் பாமசியில் பரிசோதனைப் பட்டி வாங்கிப் பார்க்கிறாள், இரண்டு கோடு. தாய்க்குச் சொல்லி, மாமிக்குச் சொல்லி, பதிந்து, கிளினிக்குக்குப் போகும்போது மார்ச் 11. எட்டு வாரம். பதிவேட்டின்படி அவள் நேரகாலத்தோடு வந்த தாய். ஆனால் பிள்ளையின் மூளையும் முண்ணாணும் உருவாகும் நரம்புக் குழாய் பெப்ரவரி 25 அளவிலேயே மூடியிருக்கும். இதயத்தின் அறைகள் பிரியும் வேலையும் பாதிக்கு மேல் நடந்திருக்கும். அந்தக் கிழமைகளில் தாயின் இரத்தத்தில் சீனி 200, 250 என்று ஓடியிருந்தால், மார்ச் 11இல் எவ்வளவு கெட்டிக்கார வைத்தியர் பார்த்தாலும் போனது போனதுதான்.

இந்த இடத்தில்தான் இரண்டு விதமான நீரிழிவையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கர்ப்பகால நீரிழிவு என்று கிளினிக்கில் சொல்வது பெரும்பாலும் ஐந்தாம், ஆறாம் மாதத்தில் தலைகாட்டுவது. அதற்குள் பிள்ளையின் உறுப்புகள் உருவாகி முடிந்திருக்கும், வளர்ச்சிதான் பாதிக்கப்படும். முன்பே உள்ள நீரிழிவு, சிறுவயதிலேயே இன்சுலினோடு வாழும் முதலாம் வகையோ மாத்திரையில் ஓடும் இரண்டாம் வகையோ, கருவின் முதல் நாளிலிருந்தே கூட இருக்கிறது. எங்கள் ஊடகங்களும் சுகாதாரக் கருத்தரங்குகளும் கர்ப்பகால நீரிழிவைப் பற்றி நிறையவே பேசிவிட்டன. சென்னையில் வீ. சேஷையா போன்றவர்கள் பல பத்தாண்டுகள் குரல் கொடுத்ததன் பயன், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சீனி பார்க்க வேண்டும் என்பது இன்று தமிழ்நாட்டிலும் இங்கேயும் வழமையாகிவிட்டது. முன்பே உள்ள நீரிழிவைப் பற்றிப் பேச்சுக் குறைவு. ஆபத்து அதில்தான் கூட.

எவ்வளவு கூட என்பதற்கு வரலாறே சாட்சி. 1824இல் பேர்லினில் ஹைன்றிச் பென்னவிட்ஸ் என்ற மருத்துவர் பதிந்து வைத்த கர்ப்பிணியின் பிள்ளை 12 இறாத்தல், பிரசவத்தில் இறந்துவிட்டது. 1882இல் லண்டனில் மத்தியூஸ் டங்கன் தொகுத்த நோயாளர் விபரங்களும் தாய்ச் சாவும் பிள்ளைச் சாவுமாகவே இருந்தன. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் வைத்தியர் 1857இல் ‘பிரசவ வைத்தியம்’ நூலைத் தமிழில் அச்சிட்ட காலத்தில் யாழ்ப்பாணத்திலோ லண்டனிலோ இந்த வருத்தத்துக்கு மருந்தென்று ஒன்றும் இருக்கவில்லை. 1921இல் ரொறன்ரோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் நிலைமை மாறியது. பொஸ்டனில் பிறிசில்லா வைற் என்ற பெண் மருத்துவர் 1924இலிருந்து இந்தத் தாய்மாரையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். தாய்மார் பிழைத்தார்கள். பிள்ளைகளின் சாவு மட்டும் மெதுவாகத்தான் குறைந்தது.

ஏன் என்பதற்கு விளக்கம் கொப்பன்ஹேகனிலிருந்து வந்தது. 1950களில் யோர்கன் பெடர்சன் சொன்னது இன்றும் அடிப்படையில் நிற்கிறது. தாயின் இரத்தச் சீனி நச்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகிறது. தாயின் இன்சுலின் போவதில்லை. வந்து சேரும் சீனியைச் சமாளிக்கப் பிள்ளையின் கணையமே மிதமிஞ்சி இன்சுலின் சுரக்கிறது. வயிற்றுக்குள் இன்சுலின் ஒரு வளர்ச்சிச் சுரப்பும்கூட. பிள்ளை கொழுக்கிறது, தோளும் வயிறும் தலையைவிடப் பெருக்கின்றன, ஈரல் பெருக்கிறது, இதயத்தின் நடுச்சுவர் தடிக்கிறது, நுரையீரல் முதிர்வது பிந்துகிறது. பிறந்த பிள்ளைக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வேரிலிருந்து கிளைத்தவை. தாய்க்கு நெடுநாள் நீரிழிவால் இரத்தக்குழாயும் சிறுநீரகமும் கெட்டிருந்தால் கதை நேரெதிராகவும் போகும்; நச்சுக்கொடிக்கு இரத்தம் போதாமல் பிள்ளை மெலிந்து பிறக்கும்.

இனி எண்கள். இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றிலும் 2002 மார்ச் முதல் 2003 பெப்ரவரி வரை முன்பே நீரிழிவு இருந்த 2,359 கர்ப்பங்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். பிறப்பை ஒட்டிய சிசு மரணம் ஆயிரத்துக்கு 31.8, பொதுச் சனத்தொகையைவிட ஏறத்தாழ நாலு மடங்கு. பெரிய பிறவிக் குறைபாடுகள் ஆயிரத்துக்கு 46, இரண்டு மடங்குக்கும் மேல். இந்த ஆய்வில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. மாத்திரையில் ஓடும் இரண்டாம் வகைக்காரருக்கும் இன்சுலினில் வாழும் முதலாம் வகைக்காரருக்கும் பிள்ளையின் ஆபத்தில் வேறுபாடு காணப்படவில்லை. எனக்கு ‘லேசான சீனி’, ‘ஒரு குளிசைதான்’ என்று சொல்லும் எங்கள் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆபத்து கூட என்பதோடு நின்றால் அது பயமுறுத்தல். குறைக்கலாம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கிழக்கு ஜேர்மனியின் கார்ல்ஸ்பேர்க் நீரிழிவு நிலையத்தில் ஃபூர்மான் குழுவினர் 1983இல் வெளியிட்ட ஆய்வில், கருவுறுமுன்பே சீனியைக் கட்டுக்குள் கொண்டுவந்த 128 தாய்மாரின் பிள்ளைகளில் ஒன்றுக்குத்தான் பெரிய பிறவிக் குறைபாடு. கருவுற்ற பிறகு வந்த 292 பேரின் பிள்ளைகளில் 22க்கு. 1991இல் கலிபோர்னியாவிலிருந்து கிற்ஸ்மில்லர் சொன்னதும் அதேதான்: முந்தி வந்தவர்களில் 1.2 வீதம், பிந்தி வந்தவர்களில் 10.9 வீதம். வட இங்கிலாந்தில் 2012இல் வெளியான பெரிய ஆய்வு இன்னும் நுணுக்கமாக, மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி ஒவ்வொரு வீதம் ஏறும்போதும் குறைபாட்டுக்கான வாய்ப்பு ஏறத்தாழ 30 வீதம் கூடுகிறது என்றது. முந்தி வந்தவர்கள் பொதுவாகவே அக்கறையும் படிப்பும் உள்ளவர்கள், அதனால்தான் முடிவும் நன்றாக வந்தது என்று ஒருவர் வாதாடலாம். அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் சீனி ஏறஏறக் குறைபாடும் படிப்படியாக ஏறுவதை அந்த வாதத்தால் விளக்க முடியாது.

இது எங்களுக்கு எவ்வளவு கிட்டிய விடயம்? 2005-06இல் நாடளாவிய ஆய்வொன்றில் இலங்கையில் வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் மூன்றில் ஒருவருக்கு அது இருப்பதே தெரியாது. 2018-19இல் எடுத்த கணக்கு 23 வீதம் என்கிறது. வழிமுறைகள் வேறு என்பதால் இரண்டையும் அப்படியே கழித்துப் பார்ப்பது சரியில்லை. போகும் திசையில் மட்டும் சந்தேகமில்லை. தெற்காசியருக்கு இது வெள்ளையரைவிட முந்திய வயதிலும் குறைந்த நிறையிலும் வருகிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2004இல் ஆசியருக்கு உடற்திணிவுச் சுட்டி 23இலேயே எச்சரிக்கைக் கோடு போட்டது. இன்னொரு பக்கம் படிப்பு, வேலை, வெளிநாட்டு மாப்பிள்ளையின் விசா என்று கலியாணம் முப்பதைத் தாண்டுகிறது. இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடத்தில்தான் எங்கள் முதற்கர்ப்பங்கள் நடக்கின்றன.

தெரியாமலே இருக்கும் நீரிழிவைப் பிடிக்க முதற் கிளினிக் நாளின் சீனிப் பரிசோதனை உதவுகிறது. வெறும் வயிற்றில் 126 மி.கி. அல்லது குளுக்கோஸ் குடித்து இரண்டு மணித்தியாலத்தில் 200 மி.கி. வந்தால் அதைக் கர்ப்பகால நீரிழிவு என்று எழுதக்கூடாது, முழு நீரிழிவாகவே எடுக்க வேண்டும் என்பது 2013இலிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. நடைமுறையில் பலரும் ‘பிள்ளை பிறந்ததும் போய்விடும்’ என்ற ஆறுதலோடு அனுப்பப்படுகிறார்கள். பலருக்கு அது போவதில்லை. இரண்டாவது பிள்ளை அதே சீனியோடு, இன்னும் கொஞ்சம் கூடின சீனியோடு, தங்குகிறது.

சொல்ல எங்களுக்கு விருப்பமில்லாத விடயம் ஒன்றும் உண்டு. யாழ்ப்பாணத்தில் பொம்பிளைப்பிள்ளைக்கு நீரிழிவு என்றால் வீடு அதை வெளியில் விடாது. குறிப்புக் கைமாறும், பொருத்தம் பார்ப்போம், செவ்வாய் எத்தனையாம் இடத்தில் என்று ஆராய்வோம், சீதனம் பேசுவோம். சீனி பற்றி மூச்சு விட மாட்டோம். கலியாணம் முடிந்து புகுந்த வீட்டில் அவள் குளிசையை அலுமாரி மூலையில் ஒளித்து வைத்து, மாமி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து விழுங்குவாள். இன்சுலின் என்றால் இன்னும் கடினம். குளிர்சாதனப் பெட்டி எல்லோரும் திறக்கும் பெட்டி. ஊசி தவறும், கிளினிக் தவறும். பிள்ளை ஏன் இன்னும் இல்லை என்ற கேள்வி மூன்றாம் மாதமே வந்துவிடும். சீனி சரிவரும்வரை ஆறு மாதம் பொறுப்போம் என்று சொல்ல அவளுக்கு வாயில்லை. இன்சுலினையும் ஸ்கான் இயந்திரத்தையும் அரசாங்கம் வாங்கித் தரலாம், இந்த மௌனத்தை உடைக்க வேண்டியது நாங்கள். என் கணிப்பில் எங்கள் பகுதியில் இந்தப் பிரச்சினையின் பாதி வைத்தியசாலையில் இல்லை. கலியாணப் பேச்சில் இருக்கிறது.

கருவுறுமுன் செய்யவேண்டியவை சிக்கலானவை அல்ல. எச்பிஏ1சி 6.5 வீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. பத்துக்கு மேல் என்றால் இப்போதைக்கு வேண்டாம் என்று இங்கிலாந்தின் வழிகாட்டி நேராகவே சொல்கிறது. இரத்தச்சோகை உள்ளவர்களுக்கு அந்த எண் பிழையாகக் காட்டலாம் என்பதால் வீட்டில் மீற்றர் வைத்துப் பார்ப்பதும் வேண்டும். அதுவரை குடும்பக் கட்டுப்பாடு. போலிக் அமிலம் எல்லோருக்கும் கொடுக்கும் அளவு போதாது. நீரிழிவு உள்ளவருக்கு நாளுக்கு 5 மி.கி., பன்னிரண்டாம் வாரம்வரை. பிரஷருக்கு இனாலப்ரில், லொசாட்டன், கொலஸ்ரரோலுக்கு அற்றோவாஸ்ரற்றின் எடுப்பவர்கள் வைத்தியரிடம் சொல்லி மாற்ற வேண்டும். கண்ணின் விழித்திரையையும் சிறுநீரகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்பம் இரண்டையும் சோதிக்கும், சீனியை மளமளவென்று இறக்கும்போது விழித்திரைக் கோளாறு சிலருக்கு மோசமாவதும் உண்டு.

கருவுற்ற பிறகு நடக்கும் பிழைகளில் முதலாவது, ‘பிள்ளைக்குக் கூடாது’ என்று மாத்திரையைத் தானாகவே நிறுத்துவது. மெற்போமின் கர்ப்பத்தில் பாவிக்கப்படும் மருந்துதான். 2020இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் இன்சுலினோடு அதையும் கொடுத்த தாய்மாருக்கு நிறை குறைவாக ஏறியது, இன்சுலினும் குறைவாகவே தேவைப்பட்டது, மிகப் பெரிய பிள்ளைகள் குறைந்தன. அளவுக்குச் சிறிய பிள்ளைகளோ சற்றுக் கூடின. ஆகையால் யாருக்கு எவ்வளவு என்பது வைத்தியரின் தீர்மானம். இரண்டாவது பிழை இன்சுலின் பயம். ‘ஊசி தொடங்கினால் பிறகு விட ஏலாது’ என்ற பேச்சு கிளினிக் வாங்கிலேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. இன்சுலின் பிள்ளையிடம் போகாது. இந்த ஒன்பது மாதத்துக்கு அதைவிடப் பாதுகாப்பான மருந்தில்லை. தேவை ஒரே சீராகவும் இராது. முதல் மூன்று மாதத்தில், சத்தி எடுக்கும் நாட்களில், சீனி சடுதியாக இறங்கி மயக்கம் வரலாம். ஆறாம் மாதத்துக்குப் பிறகு ஊசியின் அளவு இரண்டு மூன்று மடங்காகும். நச்சுக்கொடி விழுந்த அன்றே பழைய அளவுக்கு, சிலவேளை அதற்கும் கீழே, இறங்கிவிடும். அளவு ஏறுவதைக் கண்டு வருத்தம் முற்றிவிட்டது என்று அழுபவர்களுக்கு இதை யாராவது முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும்.

சாப்பாட்டில் நாங்கள் வாங்கும் உபதேசம் ‘ரெண்டு உயிருக்குச் சாப்பிடு’ என்பது. காலையில் ஒரு நீத்துப்பெட்டி பிட்டு, அதற்கு வாழைப்பழமும் சீனியும், பத்து மணிக்குச் சீனி போட்ட பால்தேத்தண்ணி. இந்த ஒரு நேரமே மீற்றரை 200க்கு மேல் ஏற்றிவிடும். இலக்கு வெறும் வயிற்றில் 95க்குள், சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் 120க்குள். பிட்டை விடச் சொல்லவில்லை. அளவைப் பாதியாக்கி, முட்டையோ கடலையோ மீன்குழம்போ முருங்கையிலைச் சுண்டலோ தட்டில் கூட்டினால் அதே பிட்டு அந்தப் பாடு படுத்தாது. குரக்கனும் சிவப்பரிசியும் நல்லவைதான். மருந்தென்று நினைத்து மூன்று கோப்பை தின்றால் அவையும் சீனிதான். பனங்கட்டியும் அப்படியே.

விரதத்தையும் சொல்ல வேண்டும். பிள்ளை வரம் வேண்டிக் கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசம் இருக்கும் பெண்கள் இங்கே நிறையப் பேர். இன்சுலினோ சீனி குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர் உணவில்லாமல் இருந்தால் சீனி ஆபத்தாக இறங்கும். முதலாம் வகைக்காரர் சாப்பாடில்லை என்று ஊசியையும் விட்டால் இரத்தம் அமிலமாகி உயிருக்கே கேடு. கருவுற்றிருக்கும்போது அந்த அமிலநிலை வயிற்றுப் பிள்ளையைப் பறித்துவிடக்கூடியது. நோயாளியும் கர்ப்பிணியும் உபவாசம் இருக்கத் தேவையில்லை என்று ஒரு குருக்கள் கோயிலில் சொன்னால், பத்து வைத்தியர் சொல்வதைவிட அது ஏறும்.

பிரசவம் 37 வாரம் நிறைந்து 39 தொடங்குமுன் நடக்கும்படி வைத்தியர்கள் திட்டமிடுகிறார்கள். கடைசிக் கிழமைகளில் முன்னறிவிப்பில்லாமல் வயிற்றிலேயே பிள்ளை இறந்துபோகும் ஆபத்து இந்தத் தாய்மாருக்குக் கூட என்பதே காரணம். நாள் நல்லதில்லை, அட்டமி கழியட்டும் என்று தள்ளிப்போடும் விடயமல்ல இது. பிள்ளை பெரிதென்றால் தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொள்ளலாம். கையின் நரம்புகள் இழுபட்டுச் சில பிள்ளைகளுக்குக் கை தொங்கிப்போவது இதனால்தான். இலங்கைப் பிள்ளைகளின் பிறப்பு நிறை மூன்று கிலோவைச் சுற்றி இருப்பதால், நாலு கிலோ பிள்ளையைக் கண்டு ‘நல்ல கொழுத்த பிள்ளை, கண்ணூறு படப்போகுது’ என்று பூரிக்கும் முன் தாயின் சீனியை ஒருதரம் கேட்பது நல்லது.

பிறந்த முதல் மணித்தியாலங்கள் இந்தப் பிள்ளைக்கு முக்கியம். சிவந்து ஊதின முகம், தடித்த தோள். பார்க்கச் சுகமான பிள்ளைபோல இருக்கும். தொப்புள்கொடி வெட்டியதும் தாயிடமிருந்து வந்த சீனி நின்றுவிடுகிறது. பிள்ளையின் கணையமோ பழைய வேகத்திலேயே இன்சுலினைச் சுரந்துகொண்டிருக்கும். ஓரிரு மணித்தியாலத்துக்குள் சீனி 40க்குக் கீழே இறங்கலாம். பிள்ளை நடுங்கும், பால் இழுக்காது, சோர்ந்து தூங்கும், சிலவேளை எந்தக் குறியும் காட்டாது. அதனால்தான் தாதி குதிக்காலில் ஊசியால் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்துச் சீனி பார்க்கிறார். சில மணித்தியாலத்துக்கு ஒருதரம் திரும்பவும் குத்துகிறார். பச்சைப் பிள்ளையை ஏன் இந்தப் பாடு படுத்துகிறீர்கள் என்று அம்மம்மாமார் சண்டைக்குப் போவதுண்டு. கவனியாமல் விட்ட குறைசீனி மூளையைத் தாக்கும் என்று தெரிந்தால் போகமாட்டார்கள். முதல் மருந்து தாயின் சீம்பால், முதல் மணித்தியாலத்துக்குள். சீனித்தண்ணி பருக்கும் பழைய வழக்கம் வேண்டாம். பாலால் ஏறாவிட்டால் கன்னத்தின் உட்புறம் தேய்க்கும் குளுக்கோஸ் களி உதவும் என்று நியூசிலாந்தில் 2013இல் காட்டினார்கள். அதற்கும் ஏறாவிட்டால் நாளத்தின் வழியே குளுக்கோஸ். மூச்சுத் திணறல், மஞ்சள், கல்சியக் குறைவு ஆகியவற்றையும் பார்ப்பார்கள். தடித்த இதயச் சுவர் பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே இளகிவிடும்.

இந்தப் பாதிப்பு தொட்டிலோடு முடிவதுமில்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் பீமா பழங்குடியினரிடம் ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். தாய்க்கு நீரிழிவு வந்த பிறகு பிறந்த பிள்ளைக்கு, அதற்கு முன் பிறந்த சகோதரத்தைவிட, பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மூன்றரை மடங்குக்கு மேல் இருந்தது. தாயும் பரம்பரையும் ஒன்றுதான், வயிற்றுக்குள் கிடைத்த சீனி மட்டும் வேறு. ‘எங்கட பரம்பரையிலை இருக்குது’ என்று கையை விரிப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. இதற்கு மேல், புனேயில் ஆய்வாளர் யாக்னிக் காட்டியது போல, எங்கள் பிள்ளைகள் நிறையில் சிறிதாகவும் கொழுப்பில் குறையாமலும் பிறக்கிறார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்ல. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில், முன்பே நீரிழிவோடு பிரசவித்தவர்கள் 1996இல் 0.7 வீதம், 2010இல் 1.5 வீதம். ஒஸ்லோவின் குறூருடாலன் பகுதியில் பாகிஸ்தானிலும் இலங்கையிலும் இருந்து போன தாய்மாரையும் சேர்த்து எடுத்த ஆய்வில் கர்ப்பகாலச் சீனி தெற்காசியரிடம் உச்சத்தில் இருந்தது. அந்த நாடுகளில் தோலில் ஒட்டி நாள் முழுக்கச் சீனி காட்டும் கருவி முதலாம் வகைத் தாய்மாருக்கு வழமையாகி வருகிறது. 2017இல் வெளியான ஆய்வில் அதை அணிந்த தாய்மாரின் பிள்ளைகளுக்குக் குறைசீனியும் தீவிர சிகிச்சையும் குறைந்தன. இங்கே அதன் விலை பெரும்பாலானோருக்கு எட்டாது. ஸ்காபரோவிலிருந்து தங்கைக்குச் சேலையும் சொக்லேற்றும் அனுப்புகிறவர்கள், ஒரு மீற்றரும் போதுமான பட்டிகளும் அனுப்பினால் அது பெரிய உபகாரம்.

புதுமணத் தம்பதியரைக் கருவுறுமுன்பே கிளினிக்குக்கு அழைக்கும் திட்டம் நாட்டில் ஏற்கெனவே உண்டு. குடும்பநல உத்தியோகத்தர் கொண்டுவரும் அந்த அழைப்பை வீட்டார் வாங்கிச் சாமியறை மேசையில் வைத்துவிடுகிறார்கள். கலியாண வீட்டுக் களை தீர்ந்த கிழமையே இருவரும் போங்கள். மாமிமாரே, மருமகளின் குளிசையைக் கண்டால் காணாதது போல் போகாமல் எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். நீரிழிவோடு பிள்ளைக்கு யோசிக்கும் பெண் மூன்று மாதம் முந்தி எச்பிஏ1சி எடுத்து, அந்தத் தாளோடு வைத்தியரிடம் போக வேண்டும். ஏற்கெனவே தங்கிவிட்டதென்றால் கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்க வேண்டாம், மருந்தையும் நிறுத்த வேண்டாம்; நாளைக் காலையே போங்கள்.